போயிட்டு வரேன் குடும்பம்

திருமலைராயன்பட்டினம் கீழவீதியில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "இந்த ஊரில் சொன்ன வார்த்தை தவறாத வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே பச்சைக் கதவு போட்ட வீட்டைக் காட்டுவார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.

நம்மில் யார் எங்கே கிளம்பினாலும் "போறேன்" என்று சொல்வதில்லை. வாய் கூசும். "போயிட்டு வரேன்" என்போம். சொல்லிவிட்டு நம் பாட்டுக்குப் போய்விடுவோம். பச்சைக் கதவு வீட்டில் அந்தக் கதையே கிடையாது. வரேன் என்று சொன்னால் வந்தாக வேண்டும். பஸ் கண்டக்டரிடம் சொல்லியிருந்தாலும் சரி, பல் பிடுங்கிய டாக்டரிடம் சொல்லியிருந்தாலும் சரி. அந்த டாக்டர் இதுவரை அந்த வீட்டு ஆண்களின் நல்ல பல் நாலைப் பிடுங்கியிருக்கிறார்.

வீட்டுப் பெரியவர் சபாபதியை எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். படுத்தபடியே கையை ஆட்டி, "போயிட்டு வரேன்" என்றார். போனார். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அவருக்கு ஒரு இலை போட்டுக் காத்திருக்கிறார்கள். மூத்த மகன் கனகசபை இதற்கு நியாயமும் வைத்திருந்தார்.

"அப்பா வரலைன்னா அது அவர் தப்பு. வந்து இலை இல்லைன்னா அது நம்ம தப்பு."

கனகசபைக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, எல்லாரையும் போல, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்றார். போட்டார். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன் பள்ளிக்கூடம் போகிறான்.

இளையவர் வைத்தியலிங்கத்துக்குத்தான் தையல்நாயகி வாழ்க்கைப்பட்டாள். வைத்தீஸ்வரன்கோயில் பெண். கல்யாணம் முடிந்து கார் ஏறும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு, பத்து வயசுத் தங்கச்சி அபிராமியைக் கட்டிக்கொண்டு, மூக்கைச் சிந்தி, "போயிட்டு வரேம்மா" என்றாள். பட்டினத்துக்கு வந்து வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். இடது காலை வைப்பதற்குள் கனகசபை, "போயாச்சு. இனி வரணும். காரைத் திருப்பு" என்றார்.

மறுபடியும் வைத்தீஸ்வரன்கோயில். அம்மா கல்யாணப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அபிராமி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. மிச்சமிருந்த வத்தக்குழம்பில் சோற்றைப் பிசைந்து, நார்த்தங்காய் ஒரு துண்டு வைத்து, அம்மா ஆளுக்கு ஒரு உருண்டை கையில் கொடுத்தாள். அடடா, எவ்வளவு பாசமான குடும்பம் என்று தையல் பூரித்துப் போனாள். அது பாசம் இல்லை, வியாதி என்று தெரிய ஒரு மாசம் ஆனது. ஆனாலும் அந்த ஒரு உருண்டைச் சோற்றுக்காக அவள் அந்த வீட்டை மன்னித்துவிட்டாள்.

முப்பது வருஷம் ஓடிப்போயிற்று. அபிராமி கப்பல்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு ராட்டர்டாமுக்குப் போனாள். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துப் பத்தொன்பது வருஷம். அம்மா செத்தபோது அபிராமியின் காகிதம் ஏதோ ஆபீஸில் மாட்டிக்கிடந்தது. வர முடியவில்லை. அதற்குப் பிறகு கூப்பிட்டால், "அம்மா இல்லாத ஊருக்கு வந்து நான் என்னக்கா பண்ணப் போறேன்?" என்பாள்.

அப்படியிருக்க, ஒருநாள் சாப்பாட்டில் கனகசபை கையை உதறிவிட்டு, "பாரிஸுக்குப் போகணும்" என்றார்.

விஷயம் இதுதான். முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் இருக்கும் சித்தப்பா தெய்வசிகாமணி வீட்டில் அவர் இரண்டு வருஷம் இருந்தார். அங்கே அவருக்குப் பிடித்த இடம் மூன்று. பூங்காவில் ஒரு பெஞ்சு, ஆற்றின் மேல் ஒரு பாலம், ரொட்டிக்கடை ஒன்று. ஊருக்குத் திரும்பும்போது மூன்றிடமும் "போயிட்டு வரேன்" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து விசா கேட்டுக்கொண்டே இருந்தார், இப்போதுதான் கிடைத்தது.

"பெஞ்சுகிட்டயா சொன்னீங்க?" என்றாள் தையல்.

"உட்கார இடம் கொடுத்திருக்கு. சொல்லிக்காம வர முடியுமா?"

"அப்படியே அபியையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்றாள் தையல்.

கிளம்பியது நாலு பேர். கனகசபை, வைத்தியலிங்கம், தையல், அவள் மகன் குஞ்சிதபாதம். இருபத்தெட்டு வயசுக் குஞ்சிதபாதம் பெரியப்பாவின் வார்ப்பு. யார் யாரிடம் வரேன் என்று சொல்லியிருக்கிறது என்று எழுதி வைக்க ஒரு நோட்டே வைத்திருந்தான். இருபத்தொரு நாள் பயணம். பாரிஸில் இறங்கி, பிரஸ்ஸல்ஸில் சித்தப்பா மகள் மங்களம் வீட்டில் ஒரு நாள் தங்கி, அங்கிருந்து ராட்டர்டாம். எந்த ரயிலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஆளுக்கு ஒரு பாஸ். அந்தப் பாஸை எடுத்தவன் குஞ்சிதபாதம். அதுதான் வினை.

தையல் பெட்டியில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அம்மா கைப்பக்குவத்தில் போட்ட நார்த்தங்காய் ஊறுகாய், கழுத்துவரை. அபிராமி கேட்டது அது ஒன்றைத்தான். "அபிக்குன்னு வச்சிருக்கேன். யாரும் இதைக் கையால தொடக் கூடாது" என்று மூன்று ஆண்களையும் நிற்க வைத்துச் சொன்னாள். மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள். விமானத்தில் தயிர்சாதம் வந்தபோது ஒரு கரண்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பாரிஸில் சித்தப்பா தெய்வசிகாமணி அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார். எண்பது வயசு, பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஐந்தாவது மாடியில் தனியாக இருந்தார். தமிழ் பேச ஆள் கிடைத்ததில் முதல் நாள் முழுக்க வாயை மூடவில்லை.

மறுநாள் பெஞ்சுக்குப் போனார்கள். அதில் ஒரு பையனும் பெண்ணும் உலகத்தையே மறந்து உட்கார்ந்திருந்தார்கள். கனகசபை அவர்கள் எதிரில் போய் நின்று, பெஞ்சைப் பார்த்து, "வந்துட்டேன்" என்றார். அவர்கள் திடுக்கிட்டு நகர்ந்து இடம் விட்டார்கள். இரண்டு நிமிஷம் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாலத்திலும் அப்படியே ஆயிற்று. ரொட்டிக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருந்தது. அங்கேயும் போய் "வந்துட்டேன்" என்றார். கடைக்காரர் ஒரு செல்போன் உறையை விற்று அனுப்பினார்.

குஞ்சிதபாதம் நோட்டில் மூன்றையும் அடித்தான். அடித்த கையோடு மறுபடியும் மூன்றையும் எழுதினான்.

"எதுக்குடா?" என்றாள் தையல்.

"பெரியப்பா கிளம்பும்போது மறுபடியும் சொல்லிட்டாரும்மா."

"ஏன் பெரியத்தான் சொன்னீங்க?"

கனகசபைக்குக் கேள்வியே புரியவில்லை. "கிளம்பினா சொல்லிக்காமலா வருவாங்க?"

தையல் மிச்சமிருந்த நாட்களை விரல் விட்டு எண்ணினாள்.

ஐந்தாம் நாள் பிரஸ்ஸல்ஸுக்குக் கிளம்பினார்கள். வாசலில் நின்று நாலு பேரும் ஒரே குரலில் "போயிட்டு வரோம்" என்றார்கள். நாலு பேரும்தான். முப்பது வருஷப் பழக்கம், தையல் வாயிலும் வந்துவிட்டது.

ரயில் நிலையத்தில் குஞ்சிதபாதம் ஒரு அறிவிப்பைப் படித்துச் சொன்னான். "இறங்குறவங்களுக்கு முதல்ல வழி விடணுமாம்." விட்டார்கள். எல்லாரும் இறங்கினார்கள். ஒரு கிழவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அவர் இன்னும் இறங்கலையே" என்றார் வைத்தியலிங்கம்.

"அவர் மேலே போறவருங்க!" என்றாள் தையல்.

"அது அவர் வாயால சொல்லணும்."

கிழவர் சொல்லவில்லை. ரயில் அவரோடு போய்விட்டது. அடுத்த ரயிலில் ஏறினார்கள். அதில் இன்னொரு அறிவிப்பு. சாமான்களை எப்போதும் கண்பார்வையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்களும் பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தார்கள். யாருக்காவது கண் கரித்தால் "நீ கொஞ்சம் பாரு" என்று அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சிமிட்டிக்கொண்டார்கள். தையல் இரண்டு நிமிஷம் அசந்து தூங்கிவிட்டாள். பிரஸ்ஸல்ஸ் வந்ததையும் போனதையும் பெட்டியைப் பார்த்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

ஒருவழியாக மங்களம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காலையில் தையல் குளித்து, தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு ஜாடியைப் பையில் வைத்தாள். கழுத்துவரை இருந்த ஊறுகாய் தோளுக்கு இறங்கியிருந்தது. குலுங்கியதில் அமுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ராட்டர்டாம் ரயில் எத்தனை மணிக்கு?" என்றாள்.

"இப்ப எப்படிம்மா ராட்டர்டாம்?" என்றார் கனகசபை. "பாரிஸுக்கில்ல போகணும்? சித்தப்பாகிட்டே போயிட்டு வரோம்னு சொன்னோம். போயாச்சு. இன்னும் வரலையே."

"ஊருக்குத் திரும்பறப்ப பாரிஸ் வழியாத்தானே போறோம் பெரியத்தான்? அப்ப வந்தா ஆகாதா?"

அண்ணன், தம்பி, மகன் மூன்று பேரும் இதை உட்கார்ந்து விவாதித்தார்கள். மங்களம் இட்லி வைத்துக்கொண்டே இருந்தாள்.

"போயிட்டு, நாலு ஊர் சுத்திட்டு, சாவகாசமா வரோம்னா சொன்னோம்?" என்றார் கனகசபை.

"இல்லையே" என்றார் வைத்தியலிங்கம்.

"போயிட்டு வரோம்னுதான் சொன்னோம். நடுவுல வேற ஊர் வந்தா அது வேற வார்த்தை."

"சட்டப்படி பெரியப்பா சொல்றதுதான் சரி" என்றான் குஞ்சிதபாதம். எந்தச் சட்டம் என்று அவனும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது மங்களத்திடம் "போயிட்டு வரோம்" என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் மத்தியானம் தெய்வசிகாமணி கதவைத் திறந்தார். "என்னப்பா, எதையாவது மறந்து வச்சுட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லை, வரோம்னு சொன்னோம், வந்துட்டோம்" என்றார்கள். நெகிழ்ந்து போய் உலை வைத்தார். மறுநாள் பெஞ்சு, பாலம், செல்போன் கடை. அடுத்த நாள் "போயிட்டு வரோம்." பிரஸ்ஸல்ஸ். மங்களம் கதவைத் திறந்தாள். ஒரு நாள் கழித்து "போயிட்டு வரோம்." பாரிஸ்.

இப்படியே போயிற்று. ராட்டர்டாமிலிருந்து அபிராமி போன் செய்வாள். "எங்கக்கா இருக்கே?"

"பாரிஸ்லடி."

"நேத்து பிரஸ்ஸல்ஸ்னு சொன்னியே?"

"அது நேத்து."

"வெண்டைக்காய் வாங்கி வச்சேன், வாடிப்போச்சு. இன்னிக்குப் புதுசா வாங்கியிருக்கேன். நாளைக்கு வந்துடுவியாக்கா?"

தையல் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுவாள். நாள் பன்னிரண்டு ஆயிற்று. பதிமூன்று ஆயிற்று. ஜாடியில் ஊறுகாய் பாதிக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் அமுங்க முடியாது என்று ஒருநாள் ரயிலில் தூங்குவதுபோல் கண்ணை மூடிப் பார்த்தாள். வைத்தியலிங்கம் ஜாடியைத் திறக்க, மூன்று பேரும் முறை வைத்துக் கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அடப் பாவிகளா! சத்தியம் பண்ணினீங்களே!"

"கையால தொடக் கூடாதுன்னுதானே தையலு சொன்னே?" வைத்தியலிங்கம் மனசு நொந்துபோய்க் கரண்டியைக் காட்டினார். "விரல் படலை. வேணும்னா முகர்ந்து பாரு."

அன்றைக்கே தையல் முடிவு செய்தாள், இனிமேல் இந்த வீட்டு ஆண்களை நம்பினால் தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியாது என்று.

முதலில், ஒருவரும் வாயைத் திறக்காமல் கிளம்புவது என்று ஏற்பாடு செய்தாள். நாலு பேரும் ஊமையாகப் பூட்ஸை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். தெய்வசிகாமணி பின்னாலேயே வந்து, "சரி, போயிட்டு வாங்க" என்றார். கனகசபை படியிலேயே நின்றுவிட்டார்.

"பெரியவங்க உத்தரவு" என்றார். "நாம சொன்னதைவிட இது கெட்டி."

அடுத்த தடவை, சித்தப்பா மத்தியானம் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கிளப்பினாள். தெருவில் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் ஐந்தாவது மாடி ஜன்னல் திறந்தது. "சொல்லிக்காமப் போறீங்களே! போயிட்டு வாங்கப்பா!" தெருவே நிமிர்ந்து பார்த்தது.

பதினெட்டாம் நாள் பூங்காவில் உட்கார்ந்து தையல் யோசித்தாள். பெஞ்சுக்கு இது ஏழாவது தடவை. அந்த ஜோடி இவர்களுக்குக் கையசைக்கிற அளவுக்குப் பழகியிருந்தது. இன்றைக்கு என்னவோ, பெண் மட்டும் தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கனகசபை பக்கத்தில் உட்கார்ந்து, தமிழிலேயே, "போயிட்டு வரேன்னு சொன்னானாம்மா? சொல்லியிருந்தா வந்துடுவான்" என்று ஆறுதல் சொன்னார். அந்தப் பெண் என்ன புரிந்துகொண்டதோ, தலையை ஆட்டியது. தையலுக்குப் பெரியத்தானை நாலு சாத்து சாத்தலாமா, கும்பிடலாமா என்று தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நாம் விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களிடம்தானே சொல்லிக்கொள்கிறோம். யாரையும் விட்டுவிட்டுக் கிளம்பவில்லை என்றால்?

பத்தொன்பதாம் நாள் காலையில் தெய்வசிகாமணிக்கு ஸ்வெட்டர் மாட்டி, குல்லா வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "மாமா, நீங்களும் வாங்க. உங்க பொண்ணைப் பார்த்து எத்தனை நாளாச்சு?" கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, அந்த வீட்டு ரத்தமல்லவா, பூட்டைப் பார்த்து "போயிட்டு..." என்று ஆரம்பித்தார். தையல் குல்லாவை இழுத்து அவர் வாய்வரைக்கும் மூடினாள்.

பிரஸ்ஸல்ஸில் இறங்கி, சமைத்துக்கொண்டிருந்த மங்களத்தை அடுப்பை அணைக்கச் சொல்லி, அவளையும் இழுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினாள். "எங்க அண்ணி போறோம்?" என்றாள் மங்களம். "பேசாம வா" என்றாள் தையல். பெட்டிகளை ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலைத் தையல் பார்த்துக்கொண்டாள். ராட்டர்டாம் என்று எழுதிய பலகை வந்தபோது எழுந்து நின்றே விட்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அபிராமி வீட்டு வாசலில் ஆறு பேரும் நின்றார்கள். தையல் மணியை அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள். மூன்றாவது தடவை அழுத்தும்போது அவள் போன் அடித்தது.

"அக்கா!" அபிராமி குரல் சந்தோஷத்தில் கூவியது. "எங்கே இருக்கேன் சொல்லு பார்ப்போம்! நீ வர்ற வழியைக் காணோமேன்னு நானே பாரிஸுக்கு வந்துட்டேன்! சின்ன மாமா வீட்டு வாசல்ல நிக்கிறேன். ஏன்க்கா பூட்டியிருக்கு?"

தையல் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்து அழுகை, பத்தொன்பது நாளின் அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. எதிரே பெரிய ஆறு ஓடிக்கொண்டிருந்தது. "என்னைக் கொண்டுபோய் இந்த ஆத்துல தள்ளிட்டு நீங்கள்லாம் நிம்மதியா இருங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வைத்தியலிங்கம் ஆற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கவலையாக, "தண்ணி சில்லுன்னு இருக்கும் தையலு. உள்ளே ஸ்வெட்டர் போட்டிருக்கியா?" என்று கேட்டார்.

அபிராமியை அங்கேயே இருக்கச் சொல்லி, அன்றைக்கு ரயிலில் ஆறு பேருக்கு இடம் இல்லாததால் ராத்திரியை ரயில் நிலையத்தில் கழித்துவிட்டு, மறுநாள் காலை முதல் ரயிலுக்குப் பாரிஸ் திரும்புவது என்று முடிவாயிற்று. எப்படியும் இருபத்தொன்றாம் நாள் விமானம் அங்கிருந்துதான். கிளம்பும்போது கனகசபை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார். உதடு பிரிந்தது. தையல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஜாடியைத் திறந்து, ஆண்கள் அதற்குப் பிறகும் கரண்டி போட்டதுபோக அடியில் மிச்சமிருந்த கடைசி நார்த்தங்காய்த் துண்டை எடுத்து அவர் வாயில் திணித்துவிட்டாள். கையால்தான்.

இருபதாம் நாள் மத்தியானம், பாரிஸில், ஐந்தாவது மாடிப் படிக்கட்டில் அபிராமி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ராத்திரி அவளைத் தன் வீட்டில் படுக்க வைத்திருந்தாளாம். தலையில் ஒன்றிரண்டு நரை. மூக்குத்தி அதே மூக்குத்தி. அக்காவைப் பார்த்ததும் நாற்பது வயசுக்காரி ஓடி வந்து, அன்றைக்குப் போலவே இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மங்களமும் அழுதாள். தெய்வசிகாமணி சாவியைத் தேடுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார்.

"ஊறுகாய் கொண்டுவந்தியாக்கா?"

தையல் வெட்கத்தோடு ஜாடியை நீட்டினாள். அடியில் உப்புச்சாறு மட்டும் ஒரு விரல் அளவு நின்றது. அபிராமி விரலை விட்டு வழித்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மாதான்" என்றாள். பிறகு ஜாடியைக் கவிழ்த்து உள்ளங்கையில் ஊற்றி, கடைசிச் சொட்டுவரை நக்கினாள். மூன்று ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். பச்சைக் கதவு வீட்டு ஆண்கள் எதற்காகவும் தரையைப் பார்த்து அதுவரை யாரும் கண்டதில்லை.

அக்காவுக்கும் தங்கைக்கும் கிடைத்தது ஒரு பொழுது. பத்தொன்பது வருஷத்தை அதற்குள் பேசி முடிக்கிற காரியமா? மறுநாள் விமான நிலையம்.

போகும் வழியில் பெஞ்சுக்கும் பாலத்துக்கும் செல்போன் கடைக்கும் "வந்துட்டேன்" மட்டும் சொல்லிக் கணக்கை முடித்த பிறகு, வைத்தியலிங்கம் தெளிவாகச் சொன்னார். "யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருத்தர் சொன்னாலும் ஊருக்குப் போய் இறங்கினதும் திரும்பி வரணும்." ஆளுக்கு இரண்டு பெப்பர்மிண்டை வாயில் போட்டு உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா என்று கவுண்டரில் கேட்டபோது மூன்று ஆண்களும் மடிப்பதுபோலும் அடுக்குவதுபோலும் கையால் நடித்துக் காட்டினார்கள். தெய்வசிகாமணி எதற்கும் இருக்கட்டும் என்று தானே குல்லாவை வாய்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆண்கள் மூவரும் உள்ளே நடந்தார்கள். தையல் பின்னால் போனாள். நாலு எட்டு வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அபிராமி காலி ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தையலுக்குக் கல்யாணத்தன்று திரும்பிய கார் ஞாபகம் வந்தது. கையில் வாங்கிய அந்த உருண்டை ஞாபகம் வந்தது.

பெப்பர்மிண்டைக் குப்பைத்தொட்டியில் துப்பினாள். கையை உயரத் தூக்கினாள். விமான நிலையமே கேட்கும்படி, "போயிட்டு வரேண்டி அபி!" என்றாள்.

கனகசபை பெப்பர்மிண்டை விழுங்கிவிட்டார்.

"சொல்லிட்டியே தையலு!" என்றார் வைத்தியலிங்கம், முகம் வெளுத்துப் போய்.

"ஆமா, சொல்லிட்டேன்" என்றாள் தையல். "நான் யார் வீட்டு மருமக?"

கனகசபை ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு நோட்டை நீட்டச் சொல்லி அவர் கையாலேயே எழுதினார்.

பட்டினத்துக்கு வந்து சேர்ந்து, பச்சைக் கதவைத் திறந்து, நாலு பேரும் வலது காலை உள்ளே வைத்தார்கள். "போயாச்சு" என்றார் கனகசபை. "இனி வரணும்." காரைத் திருப்பச் சொன்னார். இந்தத் தடவை கார் போதாது, புது விசா வேண்டும், டிக்கெட் வேண்டும், ஐந்தாறு மாசமாவது ஆகும் என்று விசாரித்ததில் தெரிந்தது.

"அதுவரைக்கும் நாம எங்கே இருக்கோம்?" என்று கேட்டார் வைத்தியலிங்கம். நியாயமான கேள்விதான். மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். போயாயிற்று, இன்னும் வரவில்லை. ஆக, நடுவழியில் இருக்கிறோம் என்று தீர்மானமானது.

நடுவழியில் இருப்பவர்கள் பெட்டியைப் பிரிக்கக் கூடாது. பூட்ஸைக் கழற்றக் கூடாது. கூடத்தில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, அக்னி நட்சத்திர வெயிலில், ஸ்வெட்டரோடு அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவர் சபாபதிக்கு மட்டும் வழக்கம்போல் எதிரே இலை விழுந்தது. அவரும் நடுவழியில் இருப்பவர்தானே என்று அவர்மேல் இப்போது மரியாதை கூடியிருந்தது.

"ஊர்லேருந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டு யாராவது எட்டிப் பார்த்தால், "இன்னும் வரலை" என்பார் கனகசபை, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

தையல் யாரையும் திட்டவில்லை. அவள் அடுக்களையில் பாட்டுப் பாடிக்கொண்டு நார்த்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனதைவிடப் பெரிய ஜாடியாக வாங்கிக் கழுத்துவரை நிரப்பினாள். துணி கட்டினாள். முடிச்சுப் போட்டாள். கூடத்துக்கு எடுத்து வந்து, பெட்டிமேல் உட்கார்ந்து மத்தியானப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் எதிரிலும் வைத்தாள். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"இது அபிக்கு. கையால தொடக் கூடாது. கரண்டியால தொடக் கூடாது. ஸ்பூன், முள், கத்தி, எதாலயும் கூடாது. புரிஞ்சுதா?"

மூன்று பேரும் பயபக்தியோடு தலையை ஆட்டிச் சத்தியம் செய்தார்கள். அவள் திருப்தியாக உள்ளே போனாள்.

மூன்று பேரும் ஜாடியைப் பார்த்தார்கள். பிறகு தட்டைப் பார்த்தார்கள்.

"பெரியப்பா," என்றான் குஞ்சிதபாதம் மெதுவாக, "அம்மா தோசையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"